ஆயில் லைட் எரிஞ்சா ஒயரைப் பிடுங்காதீங்க

நைட் டூட்டி முடிஞ்சு வர்றப்போ என் 18 வருஷப் பழைய கார்ல சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சது. "சென்சார் கம்ப்ளைன்ட்தான் சார், ஒயரைக் கழட்டி விட்டுடலாம்" என்றார் மெக்கானிக். வார்டுல மானிட்டர் கத்தினா ஒயரையா பிடுங்குவோம்? முதல்ல பேஷன்ட்டைப் பார்ப்போம்.

மாருதி 800 மாதிரி பழைய கார்கள்ல அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்குன்னு காட்டாது. ப்ரெஷர் இருக்கான்னுதான் காட்டும். டிப்ஸ்டிக்ல அளவு சரியா இருந்தும் பம்ப் தேய்ஞ்சிருந்தா எரியும். உடம்புல ரத்தம் 5 லிட்டர் இருந்தும் பிபி விழுதே, அந்தக் கதைதான்.

எரிஞ்சா உடனே ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. 'வீடு வரைக்கும் போயிடலாம்'னு ஓட்டினா பேரிங் போயிடும், இன்ஜின் வேலை வந்துடும். சமமான இடத்துல நிறுத்தி, சில நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. குறைஞ்சிருந்தா ஊத்துங்க, எங்க ஒழுகுதுன்னும் தேடுங்க. அளவு சரியா இருந்தா வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போய், ப்ரெஷர் சுவிட்சைக் கழட்டி அந்த இடத்துல கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க. கேஜ்ல ப்ரெஷர் சரியா இருந்தா மட்டும்தான் சுவிட்ச், ஒயர் மேல சந்தேகப்படணும்.

என் கார்ல கடைசியில சுவிட்ச்தான் போயிருந்தது. மெக்கானிக் சொன்னது சரிதான், ஆனா பார்க்காம சொன்னார். எனக்குக் கோபம் அதுலதான்.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு: சாவியை ஆன் பண்ணினதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்த லைட் எரியணும். எரியலைன்னா பல்ப் போயிருக்கலாம், இல்லை யாரோ ஏற்கெனவே ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். விலை பேசுறதுக்கு முன்னாடி ஏன்னு கேளுங்க.