படைப்பின் விந்தைகள்: காற்றில்லா ஆழம்



கல்வராயன் மலையடிவாரத்துக் கிணறுகளில் கோடை நாளில் குதித்து நீந்தியோர் அறிவர்: மேல்நீர் வெதுவெதுப்பாயிருக்க, காலடி நீர் சில்லிட்டிருக்கும். ஒரே கிணற்றில் இருவகை நீர்! இத்தகைய அடுக்குகள் நெடுங்காலம் கலவாமலே நின்றால் என்ன நிகழும்? தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில் உள்ள ஏஸ் ஏரி அதற்கு விடை கூறுகிறது.

அதன் ஆழம் 25 மீட்டர். உயர்ந்த பனையொன்று மூழ்கும் அளவே. ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டி அதனை மூடியிருக்கும். முற்காலத்தில் அது கடலோடு இணைந்திருந்தது. அதன் அடிநீர் உப்பு மிகுந்து கனத்துக் கிடக்க, மேல்நீர் அதனோடு கலப்பதில்லை. ஆகவே ஏறத்தாழ 12 மீட்டருக்குக் கீழே பிராணவாயு என்பதே இல்லை.

ஆயினும் அங்கே உயிர் உண்டு. மேலடுக்கின் நுண்ணுயிர்கள் பனியூடே வரும் ஒளியால் உணவாக்கிப் பிராணவாயுவை வெளியிடுகின்றன. பிராணவாயு முடியும் எல்லையில், பச்சைக் கந்தக பாக்டீரியாக்கள் மங்கிய ஒளியையும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் கொண்டு பிழைக்கின்றன. அந்த வாயுவை அவற்றுக்கு அளிப்பவை, மேலிருந்து விழும் மடிந்த பொருள்களைச் சிதைத்து இருளில் வாழும் நுண்ணுயிர்களே. அவற்றோடு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றை அறிவியலார் 1997-இல் விவரித்தனர். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு! தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர்கள் பனியையும் குளிரையும் ஆண்டவரைப் போற்ற அழைத்தனர். அந்தப் பனிக்கடியிலும் அவருடைய கைவேலை ஓயவில்லை.

இந்நுண்ணுயிர்களின் உறவுகள் நம் வீட்டருகேயும் வாழ்கின்றன. சாண எரிவாயுக் கலனில் நமக்கு அடுப்பெரியச் செய்பவை அவையே. செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுத் தொட்டியிலும் காற்றின்றிக் கழிவைச் சிதைப்பவை அவையே. ஆனால் அவை வாழுமிடத்தில் மனிதன் வாழ முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கு அந்நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். நாற்றம் நின்றதெனக் கருதி இறங்கியவர் மயங்கி வீழ்வார்; அவரைத் தூக்கச் சென்றவரும் வீழ்வார். விளக்கை இறக்கிச் சோதிப்பதும் தகாது; மீத்தேன் தீப்பற்றக்கூடியது.

கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. எனினும் சிறு கூலிக்காக ஏழை ஒருவரை அழைத்து வரும் வழக்கம் முற்றும் மறையவில்லை. நம் இல்லத்துத் தொட்டி நிரம்பினால், உறிஞ்சும் வண்டியை வரவழைப்போம். செலவு சற்றுக் கூடினும் தயங்க வேண்டாம். எவரேனும் உள்ளே வீழ்ந்துவிட்டால், பின்னால் குதியாமல் உடனே தீயணைப்புத் துறையினரை அழைப்போம்.

காற்றில்லா ஆழத்தில் வாழவென்றே இறைவன் படைத்த உயிர்கள் உண்டு. மனிதனை அவர் அதற்காகப் படைக்கவில்லை. நம் சகோதரனை அவ்வாழத்தில் இறக்கிவிட்டு, ஆண்டவர் காயீனிடம் கேட்ட கேள்விக்கு நாம் என்ன மறுமொழி கூறுவோம்?