மைலேஜ் கூடினால் பெட்ரோல் குறையாதா?

"மைலேஜ் கூடினால் அமெரிக்கர்கள் கூடுதலாக ஓட்டுவார்கள், பெட்ரோல் செலவு குறையாது" என்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒன்று: 2018-இல் அந்நாட்டு வாகனங்கள் ஓடியது சுமார் 3.2 லட்சம் கோடி மைல். 2023-இல் சற்றே அதிகம். பெட்ரோலோ நாளொன்றுக்குச் சுமார் 93 லட்சம் பீப்பாயிலிருந்து 89 லட்சமாக இறங்கியது. இரண்டு: வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதுதான் காரணமென்றால், தூரமும் அல்லவா குறைந்திருக்க வேண்டும்? மூன்று: மின்கார்களா? அப்போது சாலையில் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டே.

நான்கு: செலவு குறைந்தால் கொஞ்சம் கூடுதலாக ஓட்டுவது உண்மைதான். ஆனால் கேலனுக்கு 15 மைல் தரும் பிக்கப்பை விட்டு 20 தருவதற்கு மாறுபவருக்கு 12,000 மைலில் 200 கேலன் மிச்சம். அதை முழுக்கக் கரைக்க அவர் இன்னும் 4,000 மைல் ஓட்ட வேண்டும். மைலேஜ் கூடியதற்காக மட்டும் யார் அவ்வளவு ஓட்டுவார்கள்? 1975-இன் சட்டம் கொண்டுவந்த மைலேஜ் வரையறைகளைத் தளர்த்த இந்த வாதம் போதாது.