எந்தத் தெரு முதலில்?

1812-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை தீக்கிரையாயிற்று. கூரை வீடுகள் நெருங்கிக் கிடந்த ஊர் சாம்பலான பின்னர், தொண்டைமான் மன்னர் விசயரகுநாதராயர், தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பேராளர் பிளாக்பர்னின் கருத்துரையைக் கேட்டு அதனைப் புதிதாக எழுப்பினார். நேரான அகன்ற தெருக்களும் ஓட்டு வீடுகளும் தோன்றின. நான்கு அரச வீதிகளையும், அவற்றையொட்டி இரண்டாம், மூன்றாம், நான்காம் வீதியென எண்ணிட்டு அமைந்த தெருக்களையும் இன்று காண்பவர், ஊர் அமைப்பென்பது நேற்று வந்த கலையன்று என்பதை உணர்வர். 1878 முதல் 1894 வரை தலைமையமைச்சராயிருந்த சேசையா சாத்திரியார் தெருக்களைச் செப்பனிட்டபோது குளங்களையும் உடன் சேர்த்தே செப்பனிட்டார். தெருவும் குளமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது.

1912-இல் நகராட்சியான அவ்வூர், 2024-இல் சுற்றியிருந்த ஊராட்சிகள் சிலவற்றையும் இணைத்துக்கொண்டு மாநகராட்சியாகியுள்ளது. இனிச் சாலைக்கென்று பணம் வரும்; பணம் வந்தால் போட்டியும் வரும். எந்தத் தெருவை முதலில் எடுப்பது?

தமிழகத்து நகரங்கள் பலவற்றில் இக்கேள்விக்கு விடை எப்படிக் கிடைக்கிறது என்பதை யாவரும் அறிவர். குரல் வலியவரின் தெரு முந்துகிறது. பெரியவர் ஒருவர் வருகிறாரென்றால் அவர் ஊர்தி செல்லும் வழி ஓரிரவில் கருத்து மின்னுகிறது. எஞ்சிய பணம் பகுதிக்கு இவ்வளவென்று பந்தியில் சோறு பரிமாறுவதுபோல் பங்கிடப்படுகிறது. பங்கீடு நேர்மையாகத் தோன்றலாம். ஆனால் பசித்தவனுக்கும் உண்டு களித்தவனுக்கும் ஒரே அகப்பைதான் என்பது எந்த ஊர் நேர்மை?

சாலையைக் கெடுப்பது சக்கரத்தைவிட நீரே. கீல் (தார்) பூசிய தளத்தில் நீர் தேங்கினால், கல்லைப் பற்றிய கீலின் பிடி தளர்கிறது. அடித்தளம் ஊறி நெகிழ்கிறது. பின்னர் ஒரு சுமையுந்து போதும், குழி விழ. நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு பக்கச் சரிவு வேண்டுமென்று பொறிஞர்கள் வரையறுத்திருப்பது இதனாற்றான். சரிவில் இறங்கும் நீருக்கு வடிகால் இல்லையேல் அச்சரிவும் வீண். ஆகவே வடிகாலற்ற தெருவிற்குக் கீல் பூசுவது ஓட்டைக் குடத்திற்கு வண்ணம் தீட்டுவதே. முதலில் வடிகால், புதைசாக்கடை, குடிநீர்க் குழாய். அவை முடிந்து மண் இறுகிய பிறகே மேற்றளம். வரிசை தலைகீழாயின், பங்குனியில் போட்ட சாலை ஆடியில் குழாய்க்காக வெட்டப்படும். வெட்டியவரும் வரிப்பணத்தில் வெட்டுகிறார். மூடியவரும் வரிப்பணத்தில் மூடுகிறார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பழைய தளத்தை அகற்றாமல் அதன்மேலேயே முப்பது மில்லிமீட்டர் கனத்திற்கு ஐந்து முறை பூசினால் தெரு அரையடி உயர்ந்துவிடும். வீட்டு வாயில் பள்ளமாகும். மழைநீர் குளத்தை நாடாமல் அடுக்களையை நாடும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுத்தளம் இடவேண்டுமென 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு ஆணையிட்டார். சுரண்டும் செலவு மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டதா என்று தெருவிலுள்ள ஒருவர் கேட்டாலன்றி அவ்வாணை தாளிலேயே தங்கிவிடும்.

அடுத்து நடப்போர். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையின்றி இருக்கவேண்டுமென்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் வரையறை. பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கும் சந்தைக்குக் கூடை சுமப்பவளுக்கும் அந்த இடத்தை விட்டுவைத்த தெருக்கள் எத்தனை? 2017-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நகருக்குப் புறத்தே முள்ளூரில் உள்ளது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வழியும், புதிதாய் இணைந்த ஊர்களின் மண் தெருக்களும், ஏற்கெனவே நன்றாயுள்ள கடைத்தெருவிற்கு மறுபூச்சிடுவதற்கு முன்னே நிற்கத் தக்கவை. திருச்சி, தஞ்சைச் சாலைகளோ நாட்டு நெடுஞ்சாலைகள்; அவற்றின் குழிக்கு மாநகராட்சியை வைது பயனில்லை. எந்தச் சாலை யாருடையது என்பதையே மக்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சொல்லாமைக்கு ஒரு கரணியம் மொழி. 1956-இலேயே தமிழ் இம்மாநில ஆட்சிமொழியாயிற்று. எனினும் சாலை மதிப்பீடும் ஒப்பந்த விளக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே முடங்கிக் கிடக்கின்றன. தன் வாயிற்படிக்கு முன் எத்தனை விரற்கடைக் கல் பரப்பப்படும் என்பதைத் தன் மொழியில் படிக்க முடியாதவன் அதனை எங்ஙனம் அளந்து பார்ப்பான்?

வழி எளிது. ஒவ்வொரு தெருவிற்கும் வடிகால் உண்டா, குழாய்ப் பணி முடிந்ததா, தளம் எவ்வளவு கெட்டுள்ளது, எத்தனைபேர் நடக்கின்றனர் என அளந்து, வரிசையிட்டு, தூய தமிழில் எழுதி, மாநகராட்சி வாயிலிலும் தெருமுனையிலும் ஒட்டுக. 2022 நவம்பர் முதல் நாளன்று நகரங்களில் தொடங்கிய பகுதிக் கூட்டங்களில் அதனைப் படித்துக் காட்டுக. அப்போது நான்காம் வீதிக்காரர் ஒருவர் எழுந்து, தம் தெரு இருபதாம் இடத்தில் நிற்பதேன் என்று கேட்பார். அதற்கு அலுவலர் அளவைக் காட்டியே விடையிறுக்க வேண்டியிருக்கும்.