சிறுதெய்வம் என்றொரு சொல்

தமிழ்த்துறைகளில் நாம் கூச்சமின்றிப் புழங்கிவரும் கலைச்சொற்களுள் ஒன்று 'சிறுதெய்வம்'. நாட்டார் வழக்காற்றியல் பாடமாக நுழைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் அது நம் பேச்சை விட்டு அகலவில்லை. அதைக் கைவிட வேண்டும் என்பது என் கட்சி.

அது வெறும் வகைப்பாட்டுச் சொல், அதில் இழிவேதும் இல்லை என்பார் உளர். ஆனால் தேவாரத்தில் அப்பர் அச்சொல்லை ஆளும்போது, சிவனடி சேர்ந்தோர் நாடிச் செல்லாத ஒன்றாகவே சுட்டுகிறார். ஒரு பக்தர் அப்படிச் சொல்லலாம். ஆய்வாளர் அதையே அளவுகோலாகக் கொள்ளலாமா?

சான்றுக்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் அணுபுரத்துக்கு அருகிலேயே மாமல்லபுரம். மாசி மகத்தையொட்டிய முழுநிலவில் பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் அக்கடற்கரையில் வந்து கூடுகிறார்கள். அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். மணலைக் குவித்துப் படிகள் அமைத்து, பூவும் பழமும் படைத்து வழிபடுகிறார்கள். அருள் வந்தவர் வாக்குச் சொல்கிறார். மணம் பேசுவதும் முடிப்பதும் அங்கேயே நடக்கின்றன. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அம்மனை வீட்டுக்கு அழைக்க வந்திருப்பதாகச் சொல்வார்கள். பல்லவர் கல்லில் கோயில் குடைந்த ஊரில் மணலில் ஒரு கோயில்!

இனி, நம் சிற்றிதழ்கள் மரியாதையோடு பேசும் அயல் மரபுகளுக்கு வருவோம். வேல்ஸ் நாட்டில் லின் அ வான் வாக் என்றோர் ஏரி. அதிலிருந்து எழுந்த ஒரு பெண் மானுடன் ஒருவனை மணக்கிறாள். காரணமின்றி மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்பது அவளது நிபந்தனை. மூன்றாம் அடி விழுந்ததும் தன் ஆநிரையோடு நீருக்குள் திரும்பிவிடுகிறாள். மித்வை ஊரின் புகழ்பெற்ற மருத்துவர்கள் அவள் வழிவந்தோர் என்பது கதை. நைஜீரியாவில் ஒகுட்டா ஏரியின் தேவி உஹமிரி. செல்வம் தருவாள், பிள்ளைவரம் தரமாட்டாள். ஃபுளோரா நுவாப்பா 1966-இல் வெளியிட்ட 'எஃபுரு' நாவல், அவளால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருத்தியின் வாழ்க்கையைச் சொல்கிறது.

இவர்களைத் 'தொன்மம்' என்ற தலைப்பில் வைக்கிறோம். கன்னியம்மனை மட்டும் 'சிறு' என்ற அடையோடு வேறு தலைப்பில் வைக்கிறோம். ஏரிப்பெண்ணின் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. உஹமிரிக்கு ஒரு நாவலாசிரியை கிடைத்தார். வேறுபாடு எழுத்தில்தான் இருக்கிறது, தெய்வத்தில் இல்லை. இன்னொன்றும் உண்டு: அந்த வேல்ஸ் கணவனால் போனவளைத் திரும்ப அழைக்க முடியவில்லை, இருளர்கள் ஆண்டுதோறும் அழைக்கிறார்கள்.

ஆகவே 'நாட்டார் தெய்வம்' என்று மாற்றிச் சொல்வதும் பாதி வழிதான். பெயருள்ள தெய்வத்தைப் பெயராலேயே குறிப்பிடலாமே. சப்தமாதர் என்று அவசரமாக விளக்கம் கூறி முடிக்காமல், கன்னியம்மன் கதைகளைச் சொல்வோரின் பேச்சுமொழியிலேயே பதிவு செய்யலாம். வகுப்பில் இருளர் மாணவி ஒருத்தி அமர்ந்திருக்கக்கூடும். அவளுடைய தாயும் பாட்டியும் அழைக்கும் அம்மனைச் சிறியவள் என்று குறிப்பெடுக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? அடுத்த வினாத்தாளிலிருந்தே திருத்தத்தைத் தொடங்கலாம்.