தூர ஓட்டத்திற்குத் தக்க ஆகாரம்



ஆனேக்கல்லிலிருந்து தளிக்குச் செல்லும் சாலையில் அதிகாலை வேளையில் நடந்து பாருங்கள். முன்பெல்லாம் பால்காரரையும் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களையும் மாத்திரமே காணக்கூடியதாயிருந்த அச்சாலையில், இன்று ஓடுகிற வாலிபர்களையும் காண்கிறோம். ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சரீரத்தைப் பேணுவது நல்ல காரியமே. ஆனால் தூர ஓட்டத்திற்குரிய ஆகாரத்தைக் குறித்து அவர்கள் கேட்கும்போது, பெரியவர்களாகிய நாம் அறியாமையினால் பதில் சொல்லிவிடுகிறோம். அப்படிப் பதில் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பி ஒருவர், 21 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்தார். முந்தின நாள் மாலை என்னிடம் வந்து, "பாஸ்டர், வழியில் குடிக்க ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டார். "தண்ணீர் போதும் தம்பி, மனவுறுதிதான் முக்கியம்" என்றேன். வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் உபவாசத்தில் இருந்ததையும், சனிக்கிழமை சரியாகச் சாப்பிடாததையும் நான் விசாரிக்கவில்லை.

பதினாறாவது கிலோமீட்டரில் அவர் கால்கள் பின்னிக்கொண்டன; கண் இருண்டது. உடன் ஓடினவர் இரக்கப்பட்டு இரண்டு ஜெல் பொட்டலங்களைக் கொடுத்தார். தம்பி இரண்டையும் தண்ணீரின்றி ஒரே நேரத்தில் விழுங்கினார். சற்று நேரத்தில் வாந்தியெடுத்துச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். உதவிக்கு நின்றவர்கள் சர்க்கரை கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்து அவரைத் தேற்றினார்கள். மறுநாள் அவருடைய தாயார் என்னிடம், "ஐயா, நீங்களாவது பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. அதற்குப் பின்புதான் இக்காரியத்தைக் கருத்தாய் வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாம் உண்ணும் சோறும் கேழ்வரகும் சப்பாத்தியும் குளுக்கோஸாக மாறி, அதில் ஒரு பகுதி கிளைகோஜன் என்னும் சேமிப்பாகத் தசைகளிலும் கல்லீரலிலும் தங்குகிறது. வளர்ந்த ஒருவரின் சரீரத்தில் இந்தச் சேமிப்பு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் மாத்திரமே. வேகமாக ஓடினால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். உபவாசத்திற்குப் பின்போ, முக்கியமாகக் கல்லீரலின் சேமிப்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாகவே எரியும், வேகத்திற்கு ஈடுகொடாது. ஆகவே பதினாறாவது கிலோமீட்டரில் அந்தத் தம்பிக்குக் குறைவுபட்டது மனவுறுதி அல்ல, மாவுச்சத்து.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் 1924-ஆம் ஆண்டு மருத்துவர்கள் ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்தபோது, மிகவும் சோர்ந்து வந்தவர்களுக்குச் சர்க்கரை அளவு தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, மாவுச்சத்துள்ள உணவை முன்னதாக உண்ணவும், வழியில் மிட்டாய் தின்னவும் செய்தார்கள். அந்தத் தாழ்வு தடுக்கப்பட்டது. இன்றைய ஜெல் பொட்டலம் அந்த மிட்டாயின் பேரப்பிள்ளையே.

நம் தேசத்து மகள் ஒருவரின் அனுபவமும் நினைவுக்கு வருகிறது. கேரளத்தைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷா 2015-இல் பெய்ஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் மாரத்தான் ஓடி தேசிய சாதனை படைத்தவர். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு 2 மணி 47 நிமிடம் 19 விநாடி ஆயிற்று. முடிவுக்கோட்டைக் கடந்ததும் மயங்கி விழுந்தார். மற்ற தேசத்தார் தங்கள் வீரர்களுக்கு வழியில் பானங்களை வைத்திருக்க, இந்திய மேசைகள் வெறுமையாயிருந்தன என்று அவர் கூறினார். சிறப்புப் பானம் வேண்டாமென்று அவர் தரப்பிலேயே சொல்லப்பட்டதாகத் தடகளச் சம்மேளனம் மறுத்தது. அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. ஒலிம்பிக் வீராங்கனைக்கே வழியில் ஆகாரம் இத்தனை பெரிய காரியமானால், எட்டு மணி நேரம் இயந்திரத்தருகே நின்று வேலை செய்துவிட்டு ஓடப்போகிற நம் பிள்ளைக்கு எப்படியிருக்கும்!

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? கிலோமீட்டரைக் கணக்கிடாமல் மணியைக் கணக்கிடுங்கள்.

1. முக்கால் மணி நேரத்திற்குக் குறைந்த ஓட்டத்திற்கு வழியில் ஆகாரம் தேவையில்லை. பெங்களூரில் 2008 முதல் நடந்துவரும் 10 கிலோமீட்டர் ஓட்டத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிக்கிறவர்களும், முன்னதாக நன்றாகச் சாப்பிட்டிருந்தால், ஜெல் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். தாகத்திற்குத் தண்ணீரும், வேண்டுமானால் இனிப்புப் பானத்தில் ஓரிரு மடக்கும் போதும்.

2. ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் வரை, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை.

3. அதற்கு மேற்பட்டால் மணிக்கு 90 கிராம் வரை கொள்ளலாம். ஆனால் நம் குடல் குளுக்கோஸை மாத்திரம் மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் உள்ளே ஏற்காது. ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரைக்கு வேறொரு வாசல் உண்டு. ஆகையால் இவ்விரண்டும் கலந்ததையே அப்போது தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி எதை வாங்குவது? பொட்டலத்தின் முன்பக்கத்துப் படத்தைப் பாராமல் பின்பக்கத்து எழுத்தை வாசியுங்கள். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். கையில் பாரமில்லை என்பதே அதன் பெரிய நன்மை. அதோடு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். 'ஐசோடானிக்' என்று அச்சிடப்பட்டவை மாத்திரம் விலக்கு. ஜெல்லையும் இனிப்புப் பானத்தையும் ஒரே நேரத்தில் சேர்த்து எடுத்தால் வயிறு தாங்காது. சிலவற்றில் காஃபின் கலந்திருக்கும். படபடப்பு உள்ளவர்கள் தவிர்ப்பது நலம்.

விளையாட்டுப் பானங்களில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் சர்க்கரை இருப்பது தகுந்த அளவு. குளிர்பானங்களிலும் பழச்சாறுகளிலும் பெரும்பாலும் 100 கிராமுக்கு மேல் இருக்கும். ஓடும்போது அவை வயிற்றிலேயே தங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். என்பதோ வயிற்றுப்போக்குக்கான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. அது உப்பையும் நீரையும் ஈடுசெய்யுமேயன்றி ஓட்டத்திற்கு எரிபொருளாகாது. இளநீரிலும் சர்க்கரை குறைவு, சோடியமும் குறைவு.

வருமானம் குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு கலந்தால் ஏறக்குறைய 60 கிராம் மாவுச்சத்துள்ள பானம் ஆயத்தம். நாம் பயன்படுத்தும் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சரிபாதி. நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஒரு ஜெல்லின் அளவு, மாவுச்சத்து உண்டு.

எதுவானாலும் பயிற்சி நாட்களில் பலமுறை எடுத்துப் பழகாததைப் போட்டி நாளில் தொடாதிருங்கள். குடலுக்கும் பயிற்சி வேண்டும். வெறும் தண்ணீரை மிதமிஞ்சிக் குடிப்பதும் ஆபத்தே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கிய காரணம். சர்க்கரை நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பானங்கள் வெறும் சர்க்கரைத் தண்ணீரே.

வாலிபரே, உபவாச நாளையும் தூர ஓட்டத்தையும் அருகருகே வைக்காதிருங்கள். யுத்த நாளில் ஒருவரும் உண்ணலாகாது என்று சவுல் ராஜா ஜனங்களை ஆணையிடுவித்தான், அவர்கள் விடாய்த்துப்போனார்கள். அதை அறியாத யோனத்தானோ கோலின் நுனியால் சிறிது தேனை எடுத்து உண்டான்; அவன் கண்கள் தெளிந்தன. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்ததுதான் தேன். அன்று அந்தத் தம்பிக்கு நான் சவுலைப்போல ஆலோசனை சொன்னேன். அவரிடத்திலும் அவர் தாயாரிடத்திலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்பொழுது அவர் ஞாயிறு ஆராதனைக்குக் குறைவு வராதபடி, இரவு ஷிப்டு இல்லாத சனிக்கிழமைகளில் ஓடுகிறார். இடுப்பில் அரை லிட்டர் எலுமிச்சைப் பானம், சட்டைப் பையில் ஒரேயொரு ஜெல். சென்ற மாதம் இரண்டு மணி பத்து நிமிடத்தில் 21 கிலோமீட்டரை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தாயார் வைத்த கேழ்வரகுக் களியை உட்கார்ந்து நிதானமாய்ச் சாப்பிட்டாராம். அந்தத் தாயார்தான் எனக்குச் சொன்னார்.