கார்புரேட்டர் குளிக்கும் தொட்டியும் கிளட்ச் ஒயர் இழையும்

விடிகாலை ஐந்து மணிக்குக் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோய் நிற்கும் பால்காரரைப் பார்க்காத தெரு இருக்காது. சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை விட்டால் அணைந்துவிடும். கேன்களோடு வண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனால், மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்: "ஸ்லோ ஜெட் அடைச்சிருக்குண்ணே, கார்புரேட்டரைக் கழட்டிரலாம்."

அதற்கப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஒரு பழைய டப்பாவில் கால் லிட்டர் பெட்ரோல். அதில் கார்புரேட்டர், கூடவே மெக்கானிக்கின் வெறுங்கை. ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ். ஜெட்டை வெளிச்சத்தில் காட்டி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், வாயில் வைத்து ஊதுவார். அதற்கும் மசியவில்லையென்றால் அறுந்துபோன கிளட்ச் ஒயரிலிருந்து ஒரு இழையைப் பிரித்து ஒரே குத்து! வண்டி ஓடும். பால்காரரும் போய்விடுவார். ஒன்றரை மாதம் கழித்து அதே வண்டி, அதே பட்டறை, அதே டப்பா...

இந்தக் காட்சியை மாற்ற வந்திருக்கும் சமாச்சாரம்தான் அல்ட்ராசோனிக் கிளீனர். பேர் பெரிதாக இருக்கிறதே தவிர ஆள் புதியவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியை ஒரு சின்னத் தொட்டியில் போட்டு 'ஙொய்ய்' என்று ஓடவிடுவார்களே, அதேதான். நகைக்கடைகளிலும் பல் மருத்துவர்களிடமும் பல வருடங்களாக இருக்கிறது. பைக் பட்டறைக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. எவர்சில்வர் தொட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்டியூசர், பெரும்பாலும் நொடிக்கு 40,000 தடவை அதிர்கிறது. மனிதக் காதுக்கு 20,000 வரைதான் எட்டும். அதனால்தான் 'அல்ட்ரா'. அந்த அதிர்வில் தொட்டித் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி, உடனே நொறுங்குகின்றன. ஒவ்வொரு குமிழி நொறுங்கும்போதும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கை ஒரு தட்டு தட்டுகிறது. லட்சக்கணக்கான குட்டிச் சுத்தியல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பாதவர்கள் சமையலறை அலுமினியத் தாளை ஒரு நிமிடம் அதில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். தாள் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து வெளியே வரும்.

சரி, விஷயத்துக்கு வரலாம். இந்த மெஷின் தேவைதானா, அல்லது காசு பிடுங்க இன்னொரு வழியா?

தேவைதான். முதல் காரணம் அந்தக் கிளட்ச் ஒயர் இழை. ஜெட் பித்தளை, மெதுவான உலோகம். இழை எஃகு. பல சின்ன வண்டிகளில் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. துளை 0.35 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். வருடக்கணக்கில் குத்திக் குத்தி அது 0.40 ஆகிவிட்டால்? வெறும் 0.05 தானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் போவது துளையின் பரப்பு வழியாக. பரப்பைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கும். அப்புறம் மைலேஜ் குறைகிறது, பிளக் கரி பிடிக்கிறது என்று புலம்பி என்ன பயன்?

அதோடு, கம்பி நேராகத்தான் போகும். கார்புரேட்டருக்குள் இருக்கும் வழிகளோ திரும்பித் திரும்பிப் போகின்றன. பிரஷும் போகாது, கம்பியும் போகாது. நீர் போகும் இடமெல்லாம் குமிழியும் போகும். (உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் மூழ்க வைக்கும்போது திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.)

இரண்டாவது காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வண்டிக்காரர்கள் எல்லோரும் "இதனால் என் வண்டிக்கு என்ன லாபம்?" என்றுதான் கேட்கிறார்கள். மெக்கானிக்குக்கு என்ன லாபம் என்று கேட்க ஆளில்லை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. இந்தியாவின் பிஎஸ்-6 விதிப்படி அது 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள். வண்டிக்காரர் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை அந்த வாசனையை முகர்கிறார். மெக்கானிக்கோ தினமும் அதில் கையை நனைக்கிறார், ஜெட்டை வாயில் வைத்து ஊதுகிறார். பட்டறையில் கூடமாட வேலை பார்க்கும் பையனும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறான். தண்ணீரும் சோப்புக் கரைசலும் உள்ள ஒரு தொட்டி அந்தப் பெட்ரோல் டப்பாவை ஓரங்கட்டும் என்றால், வண்டி ஒரு கிலோமீட்டர்கூட மைலேஜ் கூடக் கொடுக்காவிட்டாலும் அந்த மெஷின் நல்ல மெஷின்தான்.

இனி மறுபக்கம். "அல்ட்ராசோனிக் வாஷ்" என்று போர்டு மாட்டிவிட்டு, கார்புரேட்டரை முழுசாக அப்படியே தொட்டியில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு. இது காசைத் தண்ணீரில் போடும் வேலை. முறைப்படி கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். ஜெட்டுகள், ஏர் ஸ்க்ரூ, பிளோட், நீடில், ரப்பர் டயாப்ரம், ஓ-ரிங் எல்லாம் வெளியே வர வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களைத் தொட்டியில் போடக் கூடாது. ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் திருக வேண்டும். 50, 60 டிகிரி சூட்டில், அலுமினியத்துக்கு ஒத்துவரும் கரைசலில், கூடையில் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம். அப்புறம் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு துளைக்கும் கம்ப்ரஸரில் ஏர் அடித்துக் காய வைக்க வேண்டும்.

தொட்டியில் பெட்ரோலோ தின்னரோ ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். சூடும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடம் அது. காஸ்டிக் சோடா போட்டால் அழுக்கோடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இத்தனையும் செய்தாலும் மெஷின் அழுக்கை எடுக்குமே தவிர, தேய்ந்ததை வளர்க்காது. நீடில் தேய்ந்திருந்தால் தேய்ந்ததுதான். டயாப்ரம் கிழிந்திருந்தால் கிழிந்ததுதான். முக்கியமாக, டேங்குக்குள் துரு இருந்தால் பளபளக்கும் கார்புரேட்டர் மறுபடி அடைத்துக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு இருக்கிறது. 2025-இல் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. வாரக்கணக்கில் நின்றுபோன பழைய வண்டியில் இது தொல்லை தரலாம். ஆக, டேங்கையும் பெட்ரோல் ஃபில்டரையும் பார்க்காமல் கார்புரேட்டரை மட்டும் குளிப்பாட்டுவது, கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பது மாதிரி.

அடுத்தது காசுக் கணக்கு. ஒரு சின்னப் பட்டறை 24,000 ரூபாய் போட்டு நல்ல மெஷின் வாங்குகிறது, அது நான்கு வருடம் உழைக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு 500 ரூபாய் தேய்மானம். மாதம் எட்டு கார்புரேட்டர் வந்தால் ஒன்றுக்கு 62 ரூபாய் 50 காசு. பத்துப் பட்டறைகள் ஒரே மெஷினைப் பயன்படுத்தி மாதம் எண்பது வந்தால் ஒன்றுக்கு 6 ரூபாய் 25 காசு. கரைசல் செலவு தனி. மின்சாரம் பெரிய பொருட்டில்லை.

ஒரே மெஷினைப் பத்துப் பட்டறைகள் எப்படிப் பயன்படுத்துவது? இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. போரிங் மெஷினை எந்தத் தெருமுனை மெக்கானிக் சொந்தமாக வைத்திருக்கிறார்? சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொடுத்தனுப்புகிறார், வேலை முடிந்ததும் வாங்கி மாட்டுகிறார். யாருக்கும் இதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அல்ட்ராசோனிக் தொட்டியும் அந்த லேத் பட்டறையிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே! காலையில் கழற்றிக் கொடுத்தனுப்பினால் மதியம் வாங்கி மாட்டலாம்.

"கார்புரேட்டரே ஒழிந்துகொண்டிருக்கிறது, இப்போது போய் முதலீடா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்த பிறகு புதிய பைக்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். ஆனால் அதற்கு முன்னால் விற்ற வண்டிகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. பால்காரரிடமும், தண்ணீர் கேன் போடுகிறவரிடமும், துணி மூட்டை கட்டிப் போகிறவரிடமும் அவைதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலும் இன்ஜெக்டரும் அடைக்கும், அதைச் சுத்தம் செய்யவும் இதே அல்ட்ராசோனிக் முறைதான். அதற்கு அதைத் திறந்து மூட வைக்கும் தனிக் கருவி வேண்டும், அவ்வளவுதான். மெக்கானிக்கின் பழைய தொழிலிலிருந்து புதிய தொழிலுக்குப் போகும் பாலத்தில் இந்தத் தொட்டியும் ஒரு பலகை.

கடைசியில் விஷயம் வண்டிக்காரரிடம்தான் வந்து நிற்கிறது. கம்பியால் குத்தினால் அரை மணி நேரம். முறையாகச் செய்தால் அரை நாள். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்காமல் "மெஷின்தானே கழுவுச்சு, உனக்கு எதுக்கு இவ்வளவு?" என்று பேரம் பேசினால், மெக்கானிக் மறுபடி கிளட்ச் ஒயரைத்தான் தேடுவார். பில்லில் கழற்றிப் பூட்டும் கூலியைத் தனியாகவும் மெஷின் செலவைத் தனியாகவும் எழுதினால் இருவருக்கும் சண்டை இருக்காது. பெரிய தொகை எதுவென்று பார்த்தாலே புரிந்துவிடும்: கூலிதான்.

பால்காரருக்கு அரை நாள் வண்டி இல்லாமல் இருப்பது கஷ்டம்தான். காலை ஊற்று முடிந்ததும் விட்டுவிட்டு, சாயங்கால ஊற்றுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை விடிகாலையில் உருட்டிக்கொண்டு போவதைவிட அது மேல் இல்லையா?