சூசனை மறந்துவிட்ட ரசிகருக்கு

சி. எஸ். லூயிஸின் நார்னியா நாவல்களை வளர்ந்த பிறகு திரும்ப வாசித்துக் குறை சொல்வது, சோறு போட்டு வளர்த்தவளின் குழம்பில் உப்பில்லை என்று ஊரைக் கூட்டுவதற்குச் சமம் என்கிறார் நண்பர். உவமை உருக்கமானது. உருக்கத்தை வடிகட்டினால் மூன்று வாதங்கள் மிஞ்சுகின்றன. மூன்றையும் மறுக்க லூயிஸின் எழுத்தே போதும்.

குழந்தைகளுக்கான கதையைப் பெரியவர்களின் அளவுகோலால் அளக்கக்கூடாது என்பது முதல் வாதம். குழந்தைகளால் மட்டுமே ரசிக்க முடிகிற கதை மோசமான குழந்தைக் கதை என்று 1952-லேயே அடித்துச் சொன்னவர் லூயிஸ். ஐம்பது வயது வாசகனையும் எதிர்கொள்ளத் துணிந்து எழுதியவரை, 'பாவம், பிள்ளைகளுக்காக எழுதினது, விட்டுவிடுங்கள்' என்று காப்பாற்ற வருவது மரியாதையா, அவமதிப்பா?

அவர் தம் காலத்தின் மனிதர் என்பது இரண்டாவது. நார்னியாவின் பகை நாடான காலர்மென் நாட்டவரைக் கறுத்த தோலும் தலைப்பாகையும் வளைந்த வாளுமாக, அடிமை வாணிபம் செய்பவர்களாக வரைந்ததை இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாதாம். எந்தக் காலத்தைச் சொல்கிறார்? 'த ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' வெளிவந்தது 1954-ல். இந்தியா விடுதலையடைந்து ஏழு ஆண்டுகள், இ. எம். ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' வெளிவந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதைவிட முக்கியம், அதே நாவலில் துணிச்சலும் ரோஷமும் மிக்க அரவிஸ் ஒரு காலர்மென் பெண். 'த லாஸ்ட் பேட்டில்' (1956) நாவலில், டாஷ் என்ற பகைத் தெய்வத்தை உண்மையாக வணங்கிய எமெத் என்ற காலர்மென் வீரனை நார்னியாவின் சிங்கத் தெய்வமான அஸ்லான் தன்னவனாக ஏற்கிறான். அஸ்லான் என்பதே துருக்கிச் சொல்; ஆயிரத்தொரு இரவுகளின் லேன் மொழிபெயர்ப்புக் குறிப்புகளில் அதைக் கண்டெடுத்ததாக லூயிஸே எழுதியிருக்கிறார். தெய்வத்துக்குப் பெயரையும் பகைவனுக்கு முகத்தையும் ஒரே கீழைத்தேயத்திலிருந்து எடுத்தவருக்கு, அந்த மக்களை மனிதர்களாக எழுதவும் தெரிந்திருந்தது. தெரிந்தும் பல பக்கங்களில் சுலபமான வழியில் போனார். அந்தப் பழியைக் காலத்தின் தலையில் கட்டுவது, அரவிஸையும் எமெத்தையும் படைத்த கையைக் குறைத்து மதிப்பிடுவது.

'த ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' நாவலின் முதல் அத்தியாயத்தை நண்பர் மறுபடி திறக்கட்டும். செஞ்சாயம் தோய்த்த தாடியோடு மீனவன் குடிசைக்கு வருகிற காலர்மென் பிரபு, அங்கே வளரும் சிறுவன் ஷாஸ்டா அந்த மீனவன் பெற்ற பிள்ளையல்ல என்று தோலைப் பார்த்தே சொல்லிவிடுகிறான். பையனின் வெளுப்பு, சபிக்கப்பட்டவர்களானாலும் அழகர்களான வடதேசத்தாரின் வெளுப்பாம். வெள்ளைதான் அழகு என்ற தீர்ப்பு, கறுத்தவனின் வாயிலிருந்தே வரவழைக்கப்படுகிறது. பன்னிரண்டு வயதில், அட்டை கிழிந்த நூலகப் பிரதியில், நானும் ஷாஸ்டாவோடு வடக்கே குதிரையில் பறந்தேன். தப்பி ஓடியது யாரிடமிருந்தோ அவர்களுடைய தோல்தான் என் தோல் என்பது அன்று உறைக்கவில்லை. இன்று உறைக்கிறது. இதைச் சொல்வதா நன்றிகேடு?

மூன்றாவது, சூசன்: நார்னியா உலகுக்குப் போய்வந்த நான்கு உடன்பிறப்புகளில், கடைசி நாவலில் அங்கே திரும்பாத ஒருத்தி. லிப்ஸ்டிக்குக்காக அவளை யாரும் விலக்கவில்லை, அவளாகவே நார்னியாவை மறந்தாள், பிற்பாடு ஒரு கடிதத்தில் லூயிஸ் அவளுக்குக் கதவைத் திறந்தே வைத்தார் என்கிறார் நண்பர். கடிதம் உண்மை, 1957-ல் ஒரு சிறுவனுக்கு எழுதியது. ஆனால் கடிதத்தில் திறந்த கதவு, நாவலை மட்டும் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாவலில் இருப்பது நைலான் காலுறை, லிப்ஸ்டிக், விருந்து அழைப்பு என்ற குற்றப்பட்டியல். பிறகு அந்தப் பேச்சை அத்தோடு வெட்டிவிட்டு, பழமரங்களைக் காட்டிச் சுவைக்க அழைக்கும் அண்ணன் பீட்டர். ரயில் விபத்தில் பெற்றோரையும் கூடப்பிறந்த மூவரையும் ஒரே நாளில் பறிகொடுத்து உயிரோடு நிற்கும் பெண்ணின் துக்கத்துக்கு ஒரு வரி இல்லை. மறதிதான் குற்றமென்றால் லிப்ஸ்டிக்கை எதற்காகக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

உண்மையில் நண்பர் காவல் காப்பது தம் பால்யத்தை. லூயிஸ் அதற்கு ஒரு சாக்கு. அதனால்தான் கேள்வி கேட்பவர்களையெல்லாம் தடை கேட்பவர்கள் என்கிறார். நான் எங்கே தடை கேட்டேன்? 1998-ல் ஃபிலிப் புல்மன் இந்த நாவல்களை முற்றாக நிராகரித்து எழுதினார். அவரோடும் நான் முழுக்க உடன்படவில்லை. பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக வரும் அந்த ஆட்டுக்கால் மனிதனைப் படிக்கையில் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. சிலிர்ப்பும் கேள்வியும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதை இதைப் படிக்கும் நீங்கள் அறிவீர்கள்.

ஏழு நாவல்களையும் என் மகளுக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, சூசன் இனிமே யார் வீட்ல இருப்பா?" அவளுக்கு வயது பத்து. பெரியவர்களின் அளவுகோல் எதுவும் அவள் கையில் இல்லை. நண்பர் முதலில் அவளுக்குப் பதில் சொல்லட்டும்.